மல்வேர்ன் சந்தியில் ஒரு கிவ் வே

மல்வேர்னில் பிற்பகல் பனி, விழ மனமில்லாததுபோல் மெல்ல இறங்குகிறது. லண்டனிலிருந்து கடல் தாண்டி வந்து மெர்சி அன்ரி வீட்டில் தங்கியிருக்கிறேன். கார் ஓட்டுவதும் அவர்தான். நாலு பக்கமும் ஸ்டொப் போர்ட் உள்ள சந்தியில் நாங்கள் நிற்க, எதிரே ஒரு சாம்பல் நிறக் காரும் அதே கணத்தில் வந்து நிற்கிறது.

"உது என்ர தம்பி," என்கிறார் அன்ரி. "எட்டு வருசமாக் கதை பேச்சில்லை."

எதிர்க் கார் ஒருமுறை லைற் அடிக்கிறது. பனிக்குள் அந்த வெளிச்சம் பூத்துக் கரைகிறது.

"கிவ் வே பண்ணுறார், அன்ரி. லண்டனிலை லைற் அடிச்சா, வழி விடுறன், நீங்கள் போங்கோ எண்டு அர்த்தம்."

"எங்கட ஊர் மன்னாரிலை அப்பிடியில்லை. நான் வாறன், நீ நில் எண்டு அர்த்தம். உவன் எப்பவும் உப்பிடித்தான்."

அன்ரி நகரவில்லை. அந்தக் காரும் அசையவில்லை. தெருக்கோடுகள் எல்லாம் வெள்ளைக்குள் மறைந்து, இரண்டு கார்களும் எங்கோ மிதப்பதுபோல் இருக்கிறது. மறுபடி லைற்.

அன்ரி பிரேக்கிலிருந்து காலை எடுக்கிறார். தம்பியைக் கடக்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நடை வேகத்தில்தான் ஓட்டுகிறார். நான் கண்ணாடியில் பார்க்கிறேன். சாம்பல் நிறக் கார் சந்தியில் வட்டமடித்துத் திரும்பி, எங்கள் சக்கரத் தடத்திலேயே வருகிறது.

அன்ரியும் கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"பாத்தீரே," என்கிறார், வேகத்தை இன்னும் குறைத்தபடி. "வாறன் எண்டுதான் லைற் அடிச்சவன்."