பிரசேதேயின் வளைவு விழுந்த நாள்

ரோமில் மாடு விற்கப் போகும் நாங்கள் எல்லாரும் பிரசேதேயின் மதுக்கடையில்தான் சாப்பிடுவோம். மாட்டுச் சந்தைத் திடலின் ஓரத்தில், பழைய பேரரசர்கள் காலத்துச் செங்கல் வளைவு ஒன்றுக்கு அடியில் இருந்தது அந்தக் கடை. புருஷன் காய்ச்சலில் போனபின் பதினோரு வருஷம் தனியாகவே நடத்தினாள். வாய் கொஞ்சம் அதிகம். மதுவில் மட்டும் தண்ணீர் கலக்கமாட்டாள்.

அந்த அக்டோபரில் எத்தியென் என்ற பிரெஞ்சுக்காரன் மறுபடி வந்தான். இடிபாடுகளை வரைவது அவன் தொழில். மத்தியானம் சூப் குடிக்க வந்தவன், வசந்தத்தில் வரைந்ததையும் அன்று காலை வரைந்ததையும் மேசையில் விரித்தான். இரண்டிலும் அவள் கடை வளைவுதான்.

பிரசேதே குனிந்து பார்த்தாள். "ஏம்ப்பா, பழைய படத்துல இந்த விரிசல் வளைவுல முளைச்ச அத்திச்செடிகிட்டயே நின்னுடுது. புதுசுல என் கதவு வரைக்கும் இழுத்திருக்க. கை தவறிடுச்சா?"

"இல்லக்கா. இருக்கறதத்தான் வரைஞ்சேன்."

அவள் வெளியே ஓடினாள். நானும் பின்னால் போனேன். விரிசலுக்குள் கையை விட்டாள். முழங்கை வரை போயிற்று. செங்கல் தூள் அவள் தலையில் உதிர்ந்தது.

உள்ளே பதினான்கு பேர் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். "எல்லாரும் வெளிய வாங்க, வளைவு விழப்போவுது" என்றாள்.

கசாப்புக்காரன் நாசரேனோ சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆயிரத்தைநூறு வருஷமா நிக்குது. நான் ஒரு ஆட்டம் ஜெயிக்கற வரைக்கும் நிக்காதா?"

"நீ ஜெயிக்க இன்னொரு ஆயிரத்தைநூறு வருஷம் ஆவும். எந்திரிடா."

ஒருவரும் அசையவில்லை. அவள் புது மதுப் பீப்பாயைச் சாய்த்து, வாசலுக்கு உருட்டிக்கொண்டு போனாள். "குடிக்கறவன் என் பின்னால வரட்டும்."

சீட்டும் கையுமாக அத்தனை பேரும் எழுந்து வந்தார்கள். எத்தியென் படங்களை அள்ளிக்கொண்டான். மாடுகள் தண்ணீர் குடிக்கும் கல்தொட்டியை அடைந்திருப்போம், தரை அதிர்ந்தது. மாடுகள் கட்டறுத்து ஓடின. புழுதி அடங்கியபோது கடை இருந்த இடத்தில் ஆகாயம் தெரிந்தது.

தலைகளை எண்ணினோம். ஒருவரும் குறையவில்லை. பிரசேதேயின் முகம் கல்யாணப் பெண்ணுடையது போலச் சிவந்திருந்தது. நாசரேனோவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "உசுரோட இருக்கியா? இருக்கல்ல?" என்று சிரித்தாள். அவன் அவள் கையைப் பிடித்து முத்தமிட்டான்.

பீப்பாயை அங்கேயே உடைத்தோம். திடலே குடித்தது.

நவம்பருக்குள் நாங்கள் பலகை அடித்துக் கொடுக்க, தொட்டியருகே புதுக் கடை போட்டாள். பிறகு பத்தொன்பது வருஷம் அவள் அதை நடத்தினாள்.