அறுபது மணி நேரக் கடல்

ஒரு பாடத்துக்கு எத்தனை கிரெடிட் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று கல்லூரியில் மூன்றாம் வருடம் வரை எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மதிப்பெண் பட்டியலின் ஓரத்தில் மூன்று, நான்கு என்று போட்டிருக்கும். பாஸா என்று மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுவேன். கடைசி செமஸ்டரில் இரண்டு கிரெடிட் கையைவிட்டுப் போகிற நிலை வந்தபோதுதான் கணக்கைக் கேட்டேன்.

வாரத்துக்கு ஒரு மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும். பதினைந்து வாரம் உட்கார்ந்தால் ஒரு கிரெடிட். செய்முறை வகுப்பு என்றால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் நின்றால்தான் அந்த ஒன்று. இதுபோக, வகுப்பில் உட்காரும் ஒவ்வொரு மணிக்கும் வெளியே இரண்டு மணி நேரம் படிப்போம் என்று அவர்களாகவே நினைத்து வைத்திருக்கிறார்கள். இதைக் கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. கமுதிப் பக்கம் எங்கள் ஊரில் மிளகாய் பழுக்கிற மாதத்தில் புத்தகத்தோடு உட்கார்ந்து பார்க்கட்டும். "சும்மாதான இருக்க, சாக்க எடுத்துட்டு வா" என்பார்கள். எங்கள் வீட்டில் படிப்பது சும்மா இருப்பதில் சேரும். நான் படித்ததில் பாதி, ஊருக்கும் கல்லூரி விடுதிக்கும் இடையே பஸ்ஸில்தான் நடந்தது.

நான் எடுத்தது தாவரவியல். கடைசி செமஸ்டரில் கடற்பாசி செய்முறை என்று இரண்டு கிரெடிட் பாடம். அதாவது வாரம் நான்கு மணி, மொத்தம் அறுபது மணி. புதனும் வியாழனும் மதியம் இரண்டு முதல் நான்கு வரை என்று அட்டவணையில் போட்டார்கள். கீழக்கரையைத் தாண்டி ஒரு மீனவர் ஊருக்குக் கல்லூரி வேனில் எட்டுப் பேர் போவோம். எங்களுக்குப் பாடம் எடுத்த மேடத்துக்குத் திருவாடானை. எனக்குக் கமுதி. மற்ற ஏழு பேரும் கடலில்லாத காட்டுப் பக்கம்தான். கடல் எப்போதும் அங்கேயே கிடக்கும், போனால் இறங்கலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

முதல் நாள் முழங்கால் தண்ணீர். பாறையில் ஒட்டியிருந்த பாசியைப் பிய்த்துப் பார்த்தோம். பக்கோடா பாசி என்று ஒன்று உண்டு. பார்த்தால் பக்கோடாவேதான். நான் கத்திச் சிரித்தேன். அடுத்த வாரம் அதே இடத்தில் தண்ணீர் மார்புவரை நின்றது, பாறையே தெரியவில்லை. காற்றுதான் காரணம் என்றார் மேடம். அதற்கடுத்த வாரமும் காற்று. கரையில் உட்கார்ந்து புட்டுச் சாப்பிட்டுத் திரும்பினோம். ஏழு வாரத்தில் பதினான்கு முறை போய், ஆறு முறைதான் தண்ணீரில் இறங்கினோம். பன்னிரண்டு மணி நேரம்.

"கடல்ல இறங்காத நாளுக்கு நான் மணி போட மாட்டேன்" என்றார் மேடம். "இப்படியே போனா அறுபது வராது. அடுத்த வருசம் ஜூனியர்களோட சேர்ந்து முடிச்சுக்கங்க."

அடுத்த வருடமா! பி.எட்.டுக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தேன். இந்த இரண்டு இல்லாமல் பட்டம் இல்லை, பட்டம் இல்லாமல் பி.எட். இல்லை. ஒரு வருடம் போச்சு.

"வந்து நிக்கத்தான மேடம் செஞ்சோம்? தண்ணி ஏறுனா நாங்க என்ன பண்றது?" என்று கடற்கரையிலேயே கத்தினேன். மேடம் முகம் சிவந்துவிட்டது.

பக்கத்தில் ஓர் அக்கா, பாறை கிழிக்காமல் விரல்களில் சுற்றிக்கொள்ளும் துணியை அலசிக்கொண்டிருந்தார். பாசி எடுக்கிறவர். அன்று அவர் கடலில் இறங்கவில்லை, சும்மா துணியைக் காயப்போட வந்திருந்தார்.

"ஏம்மா, நீங்க காலேஜ்ல மணி அடிச்சா கடலு வத்தணுமா?" என்றார்.

"பின்ன எப்பக்கா வத்தும்?"

"அமாவாசைக்கு ஆறு நாளு, பௌர்ணமிக்கு ஆறு நாளு. மாசத்துல பன்னெண்டு நாளுதான் நாங்க இறங்குவோம். அதுவும் காலைல. முதல் நாளு ஆறரைக்கு வத்துச்சுன்னா மறுநாளு முக்கா மணி நேரம் பிந்தும். இதுகூடத் தெரியாமயா வேன் வச்சு வாரீக?"

"யாரும் சொல்லலக்கா."

"நீங்க கேட்டீகளா? நாங்களும் பாக்குறோம், புதன்கிழமையானா வந்து உக்காந்து புட்டுத் திங்கிறீக. ஏதோ வேண்டுதல்னு நெனச்சோம்."

மேடமே சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். மீதி நாற்பத்தெட்டு மணி. மீதி எட்டு வாரம். எட்டு வாரத்தில் இரண்டு அமாவாசை, இரண்டு பௌர்ணமி. நான்கு தடவை ஆறு நாள், இருபத்துநான்கு நாள். நாளுக்கு இரண்டு மணி. நாற்பத்தெட்டு! சரியாக நாற்பத்தெட்டு! மணலில் குதித்தேன்.

மறுநாள் கிழித்தெடுக்கும் காலண்டரோடு முதல்வர் அறைக்குப் போனோம். மேடமும் வந்தார். நான் திட்டிய பிறகும் வந்தார், அதைச் சொல்லியாக வேண்டும்.

"வாரம் நாலு மணிதான் விதி. ஒரு வாரம் பன்னெண்டு, ஒரு வாரம் பூஜ்யம்னு போட முடியாது" என்றார் முதல்வர்.

"சார், பாடத்திட்டத்துல மொத்தம் அறுபதுன்னுதான் போட்டிருக்கு. வாரம் நாலுன்னு அட்டவணையிலதான் இருக்கு. அட்டவணை போட்டது நம்மதான?"

அவர் பாடத்திட்டத்தை வாங்கி இரண்டு முறை புரட்டினார். "காலேஜ் ஒன்பதரைக்குத் தொடங்கிரும். அதுக்கு மேல கடல் வத்துற நாள்ல மத்த வகுப்பு?"

"புதன் வியாழன் மதியம் இப்பச் சும்மாதான சார் கெடக்கு. அங்க மாத்திக்கலாம்."

பேனாவை எடுத்தார். "ஒரு நாள் விட்டாலும் கணக்கு உதைக்கும். தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

காலையில் வேன் கிடையாது. விடுதியிலிருந்து முதல் பஸ். மேடம் ஸ்கூட்டரில் வருவார். கடல் வற்றும்போது பாறை பாறையாக மேலே வருவதை நான் அதுவரை பார்த்ததே இல்லை. அந்த அக்காவும் மற்றப் பெண்களும் எங்களுக்கு முன்பே இறங்கியிருப்பார்கள். எங்கள் விரலிலும் துணி சுற்றிவிட்டார்கள். இது மரிக்கொழுந்துப் பாசி, இது கஞ்சிப்பாசி, இதை வேரோடு பிடுங்காதே என்று சொல்லிக்கொடுத்தார்கள். "நான் இருபது வருசமா நிக்கிறேன், எனக்கு எத்தன பட்டம் தருவாக உங்க சாரு?" என்று அக்கா கேட்டதற்கு நான் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் வெட்கப்பட்டு நிறுத்தினேன். அடுத்த நாளிலிருந்து எந்தப் பாசி எங்கே வளரும் என்று அக்கா சொல்லச் சொல்ல மேடமே நோட்டில் எழுதிக்கொண்டார்.

மூன்றாம் ஆறு நாளின் நடுவில் ஊரிலிருந்து அய்யா போன் செய்தார். அப்பாவை நாங்கள் அய்யா என்போம். "மிளகாயெல்லாம் செடியிலயே காயிது. ஆளு கெடைக்கல. ரெண்டு நாளைக்கு வந்துட்டுப் போ."

"வர முடியாதுய்யா. கடல்ல நிக்கணும்."

"என்னத்துக்கு?"

"ரெண்டு கிரெடிட்டுக்கு."

"ரெண்டுதானா?" என்று வைத்துவிட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. நான் போகவில்லை.

கடைசி நாள், கடைசி அரைமணி. சிப்பி கிழித்து என் காலில் ரத்தம் வந்தது. தண்ணீரும் ஏறத் தொடங்கிவிட்டது. "மேல வா, போதும்" என்றார் மேடம்.

"மணி போடுவீங்களா?"

"இறங்கி நின்ன நேரத்துக்குத்தான் போடுவேன்."

"அப்ப வர மாட்டேன்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டு, தன் விரல் துணியை அவிழ்த்து என் காலில் கட்டினார். முப்பது நிமிடம் உப்புத் தண்ணீர் எரித்ததில் எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தேன். மேடம் காதில் விழாத மாதிரி கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஸ்கூட்டர் சீட்டின் மேல் பதிவேட்டை வைத்து எழுதினார். அறுபது.

மதிப்பெண் பட்டியல் வந்த அன்றே ஊருக்குப் போனேன். அய்யா களத்தில் மிளகாய் வற்றலைக் கிண்டிக்கொண்டிருந்தார். அவருக்கு எழுத்து வராது, எண் தெரியும். கிரெடிட் போட்ட கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

"வெறும் ரெண்டு" என்றார்.

"அறுபது மணி நேரம்யா! கடலுக்குள்ள!"

அவர் என் காலில் இருந்த தழும்பைப் பார்த்தார், தாளை மறுபடி பார்த்தார். "ஏன் இவனுக அறுபதுன்னே போட்டா என்ன?" என்று திட்டினார்.

எனக்கும் அதே கேள்விதான். பி.எட். வகுப்பில் சேர்ந்த முதல் நாள், எந்தப் பாடத்துக்கு எத்தனை மணி என்று எழுந்து கேட்டேன்.