நாலரை முதல் ஆறு

என் டியூஷனில் எழுபது பிள்ளைகள். அதில் பத்தாம் வகுப்பு இருபத்திரண்டு பேருக்குக் கணக்குக்கு மட்டும் நேரமே அமையவில்லை. ஒரு நேரம் வைத்தால் ஓரிக்கைப் பிள்ளைகளுக்குப் பஸ் கிடைக்காது, இன்னொரு நேரம் வைத்தால் பிள்ளையார்பாளையத்துப் பிள்ளைகளுக்கு இந்தி வகுப்பு. ஒரு பக்கம் முடிச்சுப் போட்டால் மறுபக்கம் அறுந்தது.

மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் ஒத்து வருகிற ஒரே நேரத்தைக் கண்டுபிடித்தேன். ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு. நேற்று வாட்ஸப் குரூப்பில் போட்டேன்.

ஒரு மாணவியின் அம்மா உடனே போன் செய்தார்.

"இன்னா மிஸ், அது ராகு காலமாச்சே! மொத நாளே அதுலயா புள்ளைங்கள உக்கார வெப்பாங்க?"

வேறு நேரமே இல்லை என்று கெஞ்சினேன்.

"அப்ப ஒண்ணு பண்ணலாம் மிஸ். நாலு மணிக்கே வந்து நோட்ட வெச்சிட்டுப் போவட்டும். நல்ல நேரத்துல ஆரம்பிச்ச மாதிரி ஆயிடும்."

அதைக் குரூப்பிலும் போட்டார். அத்தனை பெற்றோரும் கட்டைவிரலை உயர்த்தினார்கள். இப்படி ஓர் ஒற்றுமையை அந்தக் குரூப்பில் நான் பார்த்ததே இல்லை.

இன்று நாலு மணிக்கு இருபத்திரண்டு பேரும் மஞ்சள் தடவிய நோட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார்கள். நாலரைக்கு ஒருவரும் திரும்பி வரவில்லை. ஐந்துக்கும் வரவில்லை. அரையாண்டுத் தேர்வுக்கு இன்னும் பத்தே நாள்.

அந்த அம்மாவை அழைத்தேன்.

"அதான் ஆரம்பிச்சாச்சே மிஸ். ராகு காலத்துல எதுக்கு வெளிய அனுப்பிக்கினு? அடுத்த ஞாயித்துக்கெழம வருவாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ராகு காலம் அதே நாலரைக்குத்தான்.

இருபத்திரண்டு நோட்டுகளுக்கு எதிரே தனியாக உட்கார்ந்திருக்கிறேன். வருகைப் பதிவில் என்ன போடுவது என்று யாராவது சொல்லுங்கள்.