வாள்காரன் படத்தின் கடைசி சீடி

போன வாரம் வேறெதையோ தேடப்போய், ஒரு பழைய ஜப்பான் கார்ட்டூன் தொடரைப் பற்றி முகம் தெரியாதவர்கள் இணையத்தில் எழுதிவைத்திருந்த கருத்துகளில் போய் விழுந்தேன். சண்டைக் காட்சிகள் பிரமாதம் என்கிறார் ஒருவர். கதை நகரவே மாட்டேன் என்கிறது என்று இன்னொருவருக்கு எரிச்சல். பெட்டியோடு வாங்கிய டிவிடிகளில் படம் தெளிவாக இல்லையென்று ஒருவர் பத்தி பத்தியாகத் திட்டியிருக்கிறார். முடிவின்மேல் மட்டும் எல்லோருக்கும் கோபம். எனக்குச் சிரிப்பு வந்தது. இதே தொடரைப் பற்றிப் போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டு முன்னறையில் எழுந்த கருத்துகள் இவற்றைவிடக் காரமானவை. இவற்றைவிடச் சந்தேகத்துக்குரியவையும்கூட.

அந்த சீடிப் பெட்டியைக் கொண்டுவந்தது மாமா, அம்மாவின் தம்பி. சென்னையில் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று ஒரு தோள்பையோடும் அந்த அட்டைப் பெட்டியோடும் வந்து இறங்கினார். "கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன்க்கா" என்றார். அந்தக் கொஞ்ச நாள் எவ்வளவு என்பது அப்பாவின் கவலையாகிவிட்டது.

அப்பா ஏலக்காய் வியாபாரி. கையில் காய் வந்தால் நிறத்தை நம்பமாட்டார். சாயம் ஏற்றியிருக்கிறதா என்று ஈரத்துணியில் தேய்த்துப் பார்ப்பார், உடைத்து முகர்வார், அப்புறம்தான் வாயைத் திறப்பார். மனிதர்களையும் அப்படித்தான் பார்த்தார். கம்பெனியை உண்மையாகவே மூடினார்களா, இவனைமட்டும் வெளியே அனுப்பிவிட்டார்களா என்று அம்மாவிடம் அடிக்கடி கேட்டுக்கொண்டிருந்தார். மீசை முளைத்த ஆண்பிள்ளை கார்ட்டூன் பார்ப்பதே அவருக்குச் சாயம் ஏற்றிய காய் மாதிரிதான் இருந்தது.

நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சாயங்காலத்தில் படம் ஓடும், கரண்டு இருந்தால். படத்தில் ஒரு வாள்வீரன். எஜமானின் வீட்டைக் கொளுத்தியவனைத் தேடி ஊர் ஊராக நடக்கிறான். வழிச்செலவுக்கு உப்பு வண்டிகளுக்குக் காவல் போகிறான். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் குடை செய்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள். எங்கே சுற்றினாலும் கடைசியில் அவள் கடைக்கு வந்து நிற்பான், கிழிந்த குடையைக் கொடுத்துத் தைத்து வாங்குவான், ஒன்றும் சொல்லாமல் போய்விடுவான். பேச்செல்லாம் ஜப்பான் மொழி, கீழே ஆங்கில எழுத்து ஓடும். அதை மாமாதான் எங்களுக்குத் தமிழில் சொல்வார்.

பார்க்க வருகிற வெளியாட்கள் எதிர்வீட்டு அண்ணனும் அவர் தங்கையும். அவர்களுக்கு அப்பா அம்மா இல்லை. அண்ணன் சொந்தமாக ஜீப்பு வைத்துக் குரங்கணி மலைக்கு லோடு அடிப்பவர். நான் அக்கா என்று கூப்பிடுகிற அந்தத் தங்கை கல்லூரியில் ஆங்கிலம் படித்து முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அவர்களுடைய அம்மாவும் என் அம்மாவும் ஒரே ஊர்க்காரர்கள் என்பதால் இரண்டு பேரும் அம்மாவை அக்கா என்றும் அப்பாவை மச்சான் என்றும் அழைப்பார்கள். தங்கையை வேறெந்த வீட்டுக்கும் தனியாக அனுப்பாத அந்த அண்ணன், தான் வரப் பிந்தினாலும் எங்கள் வீட்டுக்கு மட்டும் அனுப்பிவைப்பார். அக்கா வீடுதானே.

அம்மா சொளகில் ஏலக்காயைப் போட்டுக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பாள். விதை பிடிக்காத பொட்டுக்காயைப் பொறுக்கிக்கொண்டே படத்தைப் பார்ப்பாள். அவளுக்கு இந்தப் பக்கம் மாமா, அந்தப் பக்கம் எதிர்வீட்டு அக்கா.

என் சந்தேகம் மொழிபெயர்ப்பில் தொடங்கியது. ஆறாம் வகுப்பு ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு ஓடுகிற எழுத்தைத் துரத்துவேன். பெரும்பாலும் பிடிபடாது. ஒருநாள் வாள்காரன் குடைக்காரியிடம் ஏதோ முனகினான். கீழே 'நோ' என்று மட்டும் வந்தது. மாமா சொன்னார்: "இப்பத்திக்கு எங்கையில ஒன்னும் இல்ல. இருந்தா இப்படி வந்து நிக்கமாட்டேன். கொஞ்சம் பொறுத்துக்கன்னு சொல்றான்."

"ஒரே ஒரு வார்த்தைதானே மாமா வந்துச்சு?"

"ஜப்பான்காரங்கெ சுருக்கமாப் பேசுவாங்கெ" என்றார் மாமா. எதிர்வீட்டு அக்கா டிவியையே பார்த்துக்கொண்டு, "எவ்வளவு நாளைக்குப் பொறுப்பா? அவ வீட்டுலயும் ஆளு பாக்கத்தான செய்வாங்க" என்றாள்.

எனக்குத் திகைப்பாக இருந்தது. குடைக்காரிக்கு வீடு என்று ஒன்றைக் காட்டவே இல்லை. கடையிலேயே சமைத்து, கடையிலேயே தூங்குகிறவள். அவளுக்கு ஆள் பார்க்கப்போகிறார்கள் என்று இந்த அக்காவுக்கு யார் சொன்னது?

நான் கண்ணை அகல விரித்துக் கவனிக்க ஆரம்பித்தேன். மாமாவும் அக்காவும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே இல்லை. பேசுவதெல்லாம் டிவியிடம்தான். என் அம்மா அக்கா என்றால் மாமா அவளுக்கு அண்ணன். ஆனால் அவள் ஒருதடவைகூட அவரை அண்ணே என்றதில்லை. எப்படியுமே கூப்பிட்டதில்லை. 'வேலைவெட்டி இல்லாதவன் எந்த மூஞ்சியோட போய்ப் பொண்ணு கேப்பான்' என்று இவர் வாள்காரனைப் பற்றிச் சொல்வார். 'கேட்டாத்தான தெரியும்' என்று அவள் சொல்வாள். அப்போது படத்தில் வாள்காரன் காட்டாற்றைக் கடந்துகொண்டிருப்பான். அவனுக்குத்தான் உப்பு வண்டி வேலை இருக்கிறதே என்று நான் எடுத்துக்கொடுத்தால், "நீ சும்மா படத்தைப் பாரு" என்று அம்மா அதட்டுவாள்.

மற்றவர்களுடைய கருத்துகளில் சிக்கல் இல்லை. "முறைச்சுக்கிட்டே நிக்கிறாங்கெ. வெரசா வெட்டிட்டுச் சோலியப் பாக்கவேண்டியதுதான" என்பார் ஜீப்பு அண்ணன். அப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இப்படி ஊரச் சுத்துறானே, இவனுக்குச் சோறு போடுறது யாரு?" என்பார். மாமா தலையைக் குனிந்துகொள்வார்.

யோசித்து யோசித்து நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இந்த இரண்டு பேரும் எங்களுக்குத் தெரியாமல் மிச்சப் படத்தையும் பார்த்துவிட்டார்கள். அதனால்தான் இனிமேல் வரப்போகிற விஷயங்களை இப்போதே பேசுகிறார்கள். துப்புக் கிடைக்க நாளாகவில்லை. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் டிவியின் முதுகைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. அம்மா கடைத்தெருவுக்குப் போயிருந்தாள். மாமா மட்டும் கையில் வாரப் பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்கு அடுத்தநாள் பெட்டியில் கடைசி சீடியைக் காணோம்.

"எங்கிட்டோ விழுந்திருக்கும். கெடைக்கிறவரைக்கும் முதல்லருந்து இன்னொருதடவை பாப்போம். பாதிக் கதை யாருக்கும் வெளங்கல" என்றார் மாமா. மறுபடியும் எஜமான் வீடு எரிந்தது. ஜீப்பு அண்ணன் கொட்டாவி விட்டார். அக்கா மட்டும் ஒருநாள் தவறாமல் வந்தாள். நான் கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், மாமாவின் தோள்பைக்குள் எல்லாம் தேடினேன். அப்பாவிடமும் சொன்னேன். "இவன் எதையோ மறைக்கிறான்னு வந்த அன்னைக்கே நான் சொன்னேன்ல" என்று அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா காதில் வாங்காதவள்போல் காயைப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஜீப்பு அண்ணன் ஒரு செய்தி சொன்னார். கம்பத்திலிருந்து தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள். பையனுக்கு உரக்கடை. வருகிற வெள்ளிக்கிழமை நாள் நல்லா இருக்கு, நீங்கதான்க்கா முன்ன நின்னு செய்யணும் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டார். அம்மா சரி என்றாள். அன்று படத்தைப் பற்றி ஒருவரும் கருத்துச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் உட்கார்ந்ததும் அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். முந்தானையில் துடைத்தபடி ஒரு சீடியை மாமாவிடம் நீட்டினாள். "இந்தா. காய் மூட்டைக்கு அடியில கெடந்துச்சு. போடு, முடிவைப் பாத்திருவோம்."

மாமாவின் முகம் செத்துப்போனது. நான் நினைத்தது சரி, ஒளித்தது அவர்தான் என்று எனக்கு ஒரே பெருமை. வீட்டைக் கொளுத்தியவனை வாள்காரன் ஒருவழியாகக் கண்டுபிடித்தான். சண்டை சீக்கிரமே முடிந்துவிட்டது. பிறகு நல்ல மழையில் ஆற்றங்கரை ஊருக்கு வந்தான். குடைக்காரி கடைக்கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றாள். அவன் நனைந்தபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் ஒரு புதுக்குடையை எடுத்து நீட்டி என்னவோ சொன்னாள். கீழே எழுத்து வந்து போனது.

மாமா வாயைத் திறக்கவில்லை.

"என்னடா சொல்றா?" என்றாள் அம்மா.

அவர் தரையைப் பார்த்தார். எதிர்வீட்டு அக்காதான் சொன்னாள். "நனையாமப் போயிட்டு வாங்கன்னு சொல்றா."

வாள்காரன் குடையை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தான். பாலத்தில் அவன் சிறிதாகிக்கொண்டே போனான். எழுத்து ஓட ஆரம்பித்தது. அவ்வளவுதான் படம்.

"இதுக்குத்தானா இத்தன நாளு?" என்று ஜீப்பு அண்ணன் கையை உதறினார். அம்மா சொளகைத் தரையில் தட்டினாள். மொத்தத் தொடருக்கும் அவள் சொன்ன ஒரே கருத்து அன்றைக்குத்தான் வந்தது. "படம் பூராவும் வாளத் தூக்கத் தெரியுது. வாயத் தொறக்க ஒருத்தனுக்கும் துப்பில்ல. இவனெல்லாம் என்ன வீரன்?"

அவள் அதை டிவியைப் பார்த்துச் சொல்லவில்லை. நேராக மாமாவைப் பார்த்துச் சொன்னாள். அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது. சற்று நேரம் கழித்து ஜீப்பு அண்ணனிடம், "நாளைக்கு மலைக்குப் போறப்ப நானும் வர்றேண்ணே. ஒரு சோலி இருக்கு" என்றார். எதிர்வீட்டு அக்கா சட்டென்று எழுந்து, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் தெருவைத் தாண்டிப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் மாமா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு ஜீப்பில் முன்சீட்டில் ஏறிப்போனார். திரும்பி வந்தது நடந்து. குரங்கணி ரோட்டில் பாதி வழியில் அண்ணன் அவரை இறக்கிவிட்டுவிட்டார் போலிருக்கிறது. மலைச்சாரல் மழையில் நனைந்து, முழங்கால்வரை சேறாக வந்து நின்றார்.

"என்ன மாமா ஆச்சு?"

"ஒன்னுமில்லடா தங்கம். முடிவப் பத்தி எங்க ரெண்டு பேருக்கும் கருத்து ஒத்துப்போகல."

நான் அதை அப்படியே நம்பினேன். அந்த முடிவுக்கு யாருக்குத்தான் கோபம் வராது? கடைசி சீடியை ஒளித்துவைத்தது தெரிந்து அண்ணன் கூடுதலாகக் கொதித்திருப்பார் என்றும் சேர்த்துக்கொண்டேன். அதற்குமேல் இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. எதிர்வீட்டுச் சன்னல் சாத்தியே கிடந்தது. டிவிமேல் துணி போர்த்திவிட்டார்கள். மாமா சாப்பிட வரும்போதெல்லாம் அப்பா அவரைப் புதுச்சரக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் ஜீப்பு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமா வெளியே போயிருந்தார். நான் வீட்டுப்பாடம் எழுதுகிறமாதிரி காதைத் தீட்டிக்கொண்டேன்.

"கம்பத்துக்காரங்கள வரவேணாம்னு தங்கச்சி சொல்லச் சொல்லுது. ரெண்டு நாளாச் சாப்பிடல" என்றார் அண்ணன். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆளு எப்படி மச்சான்? நீங்க சொல்லுங்க. ஒங்களுக்குத்தான் அவரக் கண்டாலே ஆகாது. அதனாலதான் ஒங்ககிட்டக் கேக்குறேன்" என்றார்.

அப்பா தன் சந்தேகங்களை எல்லாம் இப்போது அவிழ்த்துவிடப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் ஏலக்காய் ஒன்றை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"வேலையில்லாத பய. எம்புட்டு நாளைக்கு ஒட்டிக்கிட்டு இருப்பான்னு நானும் குத்திக் குத்திப் பாத்தேன். இந்த வீட்டுல ஒருநாளும் ரெண்டாந்தடவ சோறு வாங்குனதில்ல. எந்திரிச்சுப் போயித் தண்ணியக் குடிச்சு வயித்த நெப்பிக்கிருவான். ரோசக்காரன். தேச்சுப் பாத்துட்டேன், சாயம் வரல." உருட்டிய காயைச் சொளகில் போட்டுவிட்டுச் சொன்னார். "மலையில காய் ஒலத்துற ஸ்டோருக்கு நம்பிக்கையான ஆளு கேக்குறாங்கெ. நானே சொல்லிவிடுறேன்."

அண்ணன் ஜீப்புக்கு ஆள் தேடுகிறார், அப்பா குறுக்கே புகுந்து வேறு வேலை பிடித்துக்கொடுக்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன். உள்ளே அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுபோயிருந்ததைக் கவனித்தேன்.

வெள்ளிக்கிழமை கம்பத்திலிருந்து யாரும் வரவில்லை. மாமா தோள்பையை எடுத்துக்கொண்டு மலைக்கு வேலைக்குப் போனார். அவரை ஏற்றிப்போனது அதே ஜீப்பு.

அன்று மத்தியானம் எதிர்வீட்டு அக்கா வந்தாள். எப்போதோ எங்கள் வீட்டிலிருந்து பலகாரம் போன தூக்குவாளியைத் திருப்பிக் கொடுக்க வந்தாளாம். உள்ளே வரவில்லை. நிலைப்படியிலேயே நின்றாள். முகம் கழுவி, தலைநிறையப் பூ வைத்திருந்தாள். அம்மா வாளியை வாங்கிக்கொண்டு, "உள்ள வாயேன்" என்றாள்.

"இல்ல, இன்னொரு நாளைக்கு வர்றேன்." திரும்பிப் போகப்போனவள் ஒரு நொடி நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வர்றேன் மதினி."

எனக்குப் பொறுக்கவில்லை. "அம்மாவ நீங்க அக்கான்னுதான கூப்பிடுவீங்க?" என்று கேட்டேன். அவள் ஓட்டமும் நடையுமாகத் தெருவைத் தாண்டினாள்.

எங்கள் பக்கத்தில் புருஷனுடைய அக்காவை மதினி என்று அழைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அப்போது அது தோன்றவே இல்லை. ஒரு கார்ட்டூனின் முடிவுக்காகக் கோபித்துக்கொண்டு, இத்தனை வருசமாக அக்கா என்று கூப்பிட்ட உறவையே இந்த அக்கா அறுத்துவிட்டுப் போகிறாளே என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அம்மாவின் மடியில் விழுந்து, இனிமேல் அவங்க நம்ம வீட்டுக்கு வரவே மாட்டாங்களாம்மா என்று தேம்பினேன்.

அம்மா என் தலையைத் தடவிக்கொடுத்தாள். அவள் கண்ணிலும் தண்ணீர் நின்றது. ஆனால் ஏனோ சிரித்துக்கொண்டிருந்தாள்.