ரோடு தின்ற நாலு படி

முப்பத்தொன்பதாவது டப்பாவை வாளியில் கவிழ்த்துவிட்டு வள்ளி இடுப்பில் கையை ஊன்றி நிமிரப் பார்த்தாள். முழுக்க நிமிர முடியாது. தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தறியில் ஏற்றிய பாவு நூல் நீண்டு கிடக்கிறது, மயிர் பட்டாலும் இழை சிலிர்க்கும். அவள் நிற்பது தறிக்குழிக்குள். நெய்கிறவர் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டு மிதிக்கட்டையை மிதிக்கிற குழி, தொடையளவு ஆழம். அதில் இப்போது முழங்காலுக்குச் சற்றுக் கீழே வரை தண்ணீர்.

மழை நாட்களில் காலை ஐந்தரைக்கு அவளுக்கு இதுதான் முதல் வேலை. பெயிண்ட் டப்பா ஒன்றை, கையைக் கிழிக்காமலிருக்க விளிம்பைத் தட்டி மடக்கி வைத்திருக்கிறாள். தலையில் இறுக்கிக் கட்டிய துண்டு. மொண்டு, பாவில் ஒரு சொட்டுத் தெறிக்காமல், பக்கவாட்டில் கையை நீட்டி வாளியில் ஊற்ற வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒரு சொட்டுகூடத் தெறித்ததில்லை என்பதில் அவளுக்குக் கர்வம் உண்டு. இறைத்து முடித்ததும் பழைய கைலியால் சுவரை ஒற்றி, அடியில் உமியைக் கொட்டி, அதன்மேல் சாக்கை மடித்துப் போடுவாள். பிறகு குளித்துவிட்டு வரும் புருஷனிடம், டிவிக்காரர்கள் வானிலை சொல்வதைப் போல ஒரு எண்ணைச் சொல்வாள்.

"இன்னிக்கு அம்பத்தி நாலு."

பஞ்சாட்சரம் "ம்" என்பார். அவ்வளவுதான்.

வள்ளி இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது தெருவிலிருந்து வாசலுக்கு நாலு படி ஏற வேண்டியிருந்தது. கல்யாணப் பட்டுப்புடவை தடுக்கி இரண்டாம் படியில் விழப் போனதை இன்னமும் சொல்வாள். அப்புறம் தெருவுக்கு ரோடு வந்தது. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன்மேலேயே புது ரோடு. சில வருஷம் கழித்து அதன்மேல் இன்னொன்று. தன் வாழ்க்கையை வள்ளி வருஷங்களால் கணக்கு வைப்பதில்லை.

"மொதப் படி எங்க மாமியார் செத்தப்ப போச்சு. ரெண்டாவது, பையன் அஞ்சாவது படிக்கச்சே. மூணாவது எலெக்ஷனுக்கு. நாலாவது எப்பப் போச்சுன்னே தெர்ல, காலைல எந்திரிச்சிப் பாத்தா இல்ல."

இப்போது ரோடு வாசலைவிட ஒரு சாண் உயரம். வருகிறவர்களிடம் "வாங்க" என்பதற்கு முன்னால் "பாத்து எறங்குபா" என்கிறாள். பெய்கிற மழையெல்லாம் உள்ளே வருகிறது. வாசலில் மணல் மூட்டை வைத்தால் மண்ணுக்கடியில் ஊறிக் குழியில் வந்து நிற்கிறது. ஒரு தடவை குழிக்கு சிமெண்டு பூசிப் பார்த்தார்கள். சிமெண்டை உடைத்துக்கொண்டு வந்தது. தரையை உயர்த்தலாமென்றால் தறியின் மேல்சட்டம் உத்தரத்தில் இடிக்கும்.

தண்ணீர் மட்டும் என்றால் வள்ளி இறைத்தே காலத்தை ஓட்டியிருப்பாள். போன ஆடியில் பஞ்சாட்சரத்தின் வலது கால் கட்டைவிரலில் ஒரு புண் வந்தது. சர்க்கரை உடம்பு. ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஈரமே படக் கூடாது. பட்டுக்கினே இருந்தா விரலை எடுக்கறாப்பல ஆயிடும்" என்றார். எட்டு மணிநேரம் ஈரக் குழியில் காலை வைத்திருக்கிற ஆளிடம் சொன்னார். அன்றிலிருந்து பால் கவரைக் கழுவிக் காயவைத்து, காலில் மாட்டி, கழிவுப் பட்டு நூலால் கணுக்காலில் கட்டிவிடுவது வள்ளியின் இரண்டாவது வேலை. ஒருநாள் சிவப்பு நூல், ஒருநாள் மாம்பழ மஞ்சள்.

"கல்யாணப் பொண்ணு கணக்கா கீறீங்க" என்பாள். அவர் சிரிக்க மாட்டார். ஆனால் காலை நகர்த்தாமல் வைத்திருப்பார்.

மனு எழுதுவது பஞ்சாட்சரம். அச்சடித்தது போல உருண்டைக் கையெழுத்து; சந்தில் யாருக்கு மனு வேண்டுமானாலும் அவரிடம்தான் வருவார்கள். கொண்டுபோய்க் கொடுப்பது வள்ளி. நடப்பவள் அவள்தான் என்பதால் மனுவும் அவள் பெயரிலேயே. முதல் மனுவை எழுதிய அன்றே இருவருக்கும் சண்டை வந்தது.

"குழியில தண்ணி நிக்குதுன்னு எழுதுங்க. உங்க காலைப் பத்தியும் எழுதுங்க."

"அது வேணாம்."

"ஏன் வேணாம்? அதான விஷயமே?"

"பாவு ஏறிக்கினு இருக்குது வள்ளி. ஏறின தறியைப் பத்திக் குறை எழுதக் கூடாது."

அந்த வீட்டில் அது அவர் அப்பா காலத்துப் பழக்கம். இழை அறுந்தால்கூட அங்கே யாரும் 'அறுந்துச்சு' என்று சொல்ல மாட்டார்கள். 'இழை கேக்குது' என்பார்கள். அதனால் பேப்பரில் ஏறியது இவ்வளவுதான்: எங்கள் சந்தில் மழைநீர் தேங்குகிறது, சாலை சரியில்லை, சரிசெய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். அலுவலகத்தில் குழியைப் பற்றி வாய் திறப்பதில்லை என்று வள்ளியிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டார். குழி வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு நாள். கஞ்சி போட்ட வாயில் புடவை, மஞ்சள் பை, பைக்குள் மனு, மூன்று ஜெராக்ஸ், வாசலின் போட்டோ, எலுமிச்சம்பழ சாதம். ஷேர் ஆட்டோவில் டிரைவருக்குப் பக்கத்து ஓரத்தில் தொற்றி உட்கார்ந்து, பையை மடியில் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு போவாள். ஒன்பது திங்கட்கிழமை போனதில் அங்கே அவளுக்கு ஒரு சிநேகிதியும் கிடைத்தாள்: தாமலிலிருந்து வரும் எல்லம்மாள். சுடுகாட்டுக்குப் போகப் பாதை கேட்டு நடக்கிறவள்.

"இன்னாமா, இன்னும் உன் படி வர்லியா?"

"உனுக்கு சுடுகாட்டுக்கு வழி வந்துச்சா?"

"வந்தா உன்கிட்ட சொல்லாமயா போயிடுவேன்!"

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். பியூன் முறைப்பார். மேஜைக்கு முன்னால் போனதும் வள்ளி ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வாள்: "புதுசா ஒண்ணும் கேக்கலீங்க சார். எங்கிட்டருந்து எடுத்துக்கினு போன நாலு படியைத் திருப்பிக் குடுங்கன்றேன்." கேட்கிறவர் சிரித்துவிட்டு முத்திரை குத்துவார். ஒருமுறை ஒரு அதிகாரி, "வேற ஏதாவது கஷ்டம் இருக்காம்மா?" என்று தலையைத் தூக்கிக் கேட்டார். வள்ளியின் வாய் திறந்தது. "இல்லீங்க" என்று மூடிக்கொண்டது.

ஒருநாள் போனுக்கு மெசேஜ் வந்தது. கண்ணாடி தேட நேரமில்லாமல் பக்கத்து வீட்டு நதியாவிடம் ஓடினாள். நதியா படித்துவிட்டுக் கத்தியே விட்டாள். "அக்கா, உன் மனுவை ஏத்துக்கினாங்க! ரோடு சேங்ஷன் ஆயிடுச்சு! பேசாம நீ கவுன்சிலருக்கு நின்னுடு!" வள்ளி கேசரி கிளறிச் சந்து முழுக்கக் கொடுத்தாள். பஞ்சாட்சரத்துக்கு மட்டும் சர்க்கரை போடாமல் ரவை உப்புமா.

இரண்டு வாரத்தில் லாரி வந்தது. ஜல்லி வந்தது. தார் வாசனை அடித்தது. சுரண்டுகிற மிஷின் பின்னால் வரும் என்று வள்ளி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ரோலர்தான் வந்தது. பழைய ரோட்டின் மேலேயே கருப்பாக ஜல்லியைக் கொட்டத் தொடங்கியதும் ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"சொரண்டிட்டுப் போடுபா! இது இன்னா மேல மேல போடறீங்க?"

காண்ட்ராக்டரின் ஆள் போனைத் தேய்த்துக்கொண்டே வந்தான். "இங்க வள்ளின்றது யாருமா?"

"நாந்தான்."

"நீதானமா சாலை சரியில்லைன்னு எழுதிக் குடுத்துக்கிற? இதோ பாரு." அவன் நீட்டிய போனில் பஞ்சாட்சரத்தின் உருண்டை எழுத்து. "சொரண்டணும்னு எங்கனா இருக்குதா? சொரண்டறது வேற எஸ்டிமேட். நவுரு மா, சூடு ஆறுது."

அவள் நகர்ந்தாள். அந்த உருண்டை எழுத்தை எதிர்த்துப் பேச அவளுக்குத் தெரியவில்லை. சாயங்காலம் அவன் திரும்ப வந்து, முடிந்த வேலைக்கு போட்டோ வேண்டும், மனு கொடுத்தவர் நிற்க வேண்டும் என்றான். போட்டோ என்றதும் கை பழக்கத்தில் முந்தானையைச் சரிசெய்துவிட்டது. புது ரோட்டில் நின்றாள். அவளுக்குப் பின்னால் அவள் வீட்டு வாசற்கதவின் அடிப்பக்கம் ரோட்டுக்குக் கீழே மறைந்திருந்தது.

அடுத்த மழைக்கு நூற்றுப் பன்னிரண்டு டப்பா. அன்று வள்ளி எண்ணைச் சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. பஞ்சாட்சரம் குளித்துவிட்டு வந்து, ஈரத் துண்டோடு கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். பால் கவரை மாட்டும்போது விரல் கருத்திருப்பதை வள்ளி பார்த்தாள். அவள் பார்த்ததை அவரும் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவரே பேப்பரும் பேனாவும் எடுத்தார். கையைக் கழுவினார். தறியின்மேல் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து மூடினார், அது படித்துவிடக் கூடாது என்பதுபோல. முதுகைத் தறிக்குக் காட்டி உட்கார்ந்து எழுதினார்: எங்கள் வீட்டுத் தறிக்குழியில் தண்ணீர் நிற்கிறது. எழுதி முடித்ததும் படித்துக் காட்டவில்லை. நாலாக மடித்து அவள் பைக்குள் தானே வைத்தார்.

திங்கட்கிழமை மேஜையில் இருந்தவள் சின்ன வயசு அதிகாரி. மரியாதையான பெண், உட்காரச் சொன்னாள். கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தாள்.

"இது முடிஞ்ச மனுவாச்சேமா. போட்டோல நீங்கதான நிக்கிறீங்க?"

"நாந்தாம்மா. ஆனா, குழி..."

அந்தப் பெண் புது மனுவை இரண்டு தடவை படித்தாள். முகம் மாறியது. "இதை மொதல்லயே எழுதியிருந்தா, ரோடு போடறதுக்கு முன்னாடி வந்து பாத்திருப்பாங்களேமா. ஒன்பது தடவை வந்திருக்கீங்க, ஒருதரம்கூடச் சொல்லலையே? இப்பப் போட்ட ரோட்டை மூணு வருஷத்துக்கு யாரும் தொட முடியாது. நான் எடுத்து வெச்சுக்கறேன். ஆனா..." ரசீதைக் கிழித்துக் கொடுத்தாள்.

எல்லம்மாள் அன்று வரவில்லை. வள்ளி எலுமிச்சம்பழ சாதத்தைத் திறக்காமலே திரும்பினாள்.

வீட்டுக்குள் இறங்கியபோது பஞ்சாட்சரம் தறியில் உட்கார்ந்திருந்தார். நெய்யவில்லை. ஊடை நூல் ஓட்டுகிற நாடா கையில் இருந்தது. மத்தியானம் பெய்த மழையில் குழியில் மறுபடி தண்ணீர் ஊறி, பால் கவர் கட்டிய கால் அதில் பாதி மூழ்கியிருந்தது. வள்ளி பையை ஆணியில் மாட்டினாள். புடவையைத் தூக்கிச் செருகினாள். அவர் காலுக்குப் பக்கத்தில் குனிந்து டப்பாவால் மொள்ள ஆரம்பித்தாள்.

"குழின்னு எழுதினதைப் படிச்சாங்களா?"

வாளி நிரம்புகிற சத்தம்.

"வள்ளி. முன்னாடியே எழுதியிருக்கணுமா? கேட்டாங்களா ஏதாவது?"

வாளி நிறைந்தது. வள்ளி இரண்டு கையாலும் அதைத் தூக்கினாள். இங்கிருந்தே வாசலுக்கு வெளியே வீசிவிடுகிற காலம் போய்விட்டது; வீசினால் திரும்பி உள்ளேதான் வரும். பாவில் தெறிக்காமல் வாளியை விலக்கிப் பிடித்துக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தாள். வாசலில் ஒரு கணம் நின்று, வாளியை ரோட்டின்மேல் வைத்துவிட்டு, நிலையைப் பிடித்துக்கொண்டு ஏறிப் போனாள்.