மன்னிப்பு கேட்கப் போனவள்

சட்டைத் தொழிற்சாலையின் செக்கிங் மேசையில் பதினெட்டு வருடம் நின்றவள் என்பதால், தெருவிலும் அவளுக்குச் செக்கிங் அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் சட்டையை ஓர் உதறு உதறி, காலர், பட்டன் பட்டி, கைமடிப்பு என்று விரலை ஓட்டினால் போதும், விட்டுப்போன தையல் தானாக வந்து மாட்டும். வீட்டிலும் அதே கண்தான். கணவர் வெளியே கிளம்பினால் வாசலில் நிறுத்தி நூல்பிசிறு தேடுவாள். “எனக்குக் கஃபன் துணி சுத்தினாலும் பிசிறு பார்த்துட்டுத்தான் அனுப்புவா” என்று அவர் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பார்.

அவர் சொன்னதில் பாதி நிஜம். சுற்றுவட்டத்தில் எந்தப் பெண் இறந்தாலும் குளிப்பாட்ட அவளைத்தான் கூப்பிட்டார்கள். முகம் சுளிக்காமல் போவாள். பெண்கள் தொழும் கூடத்தில் முதல் வரிசையில் அவளுக்கென்று ஓர் இடத்தை விட்டுவைத்தார்கள். அந்த மரியாதை அவளுக்கு உள்ளூர இனித்தது.

ஒன்பது வருடத்துக்கு முன் நடந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அப்போது அவளோடு வேலை பார்த்தவள், காலர் தைப்பதில் கெட்டிக்காரியான ஒருத்தி. தையல் வரிசைத் தலைவி வேலை செக்கிங் அக்காவுக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருக்க, அது காலர்காரிக்குப் போயிற்று. அந்த வாரம் சாப்பாட்டு இடைவேளையில், கை கழுவிக்கொண்டே, “நேத்து சூப்பர்வைசர் கார்லேர்ந்து அவ இறங்கினதைப் பார்த்தேன்” என்றாள் இவள். அவ்வளவுதான். கார் நின்றது ஆஸ்பத்திரி வாசலில் என்பதையும், பின்சீட்டில் காலர்காரியின் மகள் காய்ச்சலில் துவண்டு கிடந்ததையும் சொல்லாமல் விழுங்கிவிட்டாள். மிச்சத்தை மற்றவர்கள் இட்டுக்கட்டிக்கொண்டார்கள். மூன்றே மாதத்தில் காலர்காரி வேலையை விட்டாள். அவள் புருஷன் தலாக் சொல்லிவிட்டுப் போனான். ‘நான் ஒண்ணும் பொய் சொல்லலையே’ என்று செக்கிங் அக்கா தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஒரு வேளை தொழுகைகூட அவளுக்குத் தவறவில்லை.

போன வருடம் ஒரு பகலில், பக்கத்துத் தெருவில் இறந்த ஒரு பெண்ணைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். விரலில் ஈரத்துணியைச் சுற்றி மய்யித்தின் பற்களையும் உதட்டையும் துடைக்க வேண்டும். துடைத்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றுவிட்டது. இந்த வாய் சொன்னதை இனி இது திருப்பி எடுக்க முடியாது என்று தோன்றியது. என் வாயால் இன்னும் முடியுமே, ஏன் எடுக்கவில்லை? கூட இருந்தவர்கள் அவளுக்கு மயக்கம் வருகிறது என்று நினைத்துப் பிடித்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு அவளுக்கு, தொழுகையில் நெற்றி தரை தொடும் சஜ்தாவிலிருந்து தலை தூக்கவே பயமாக இருந்தது. குர்ஆன் ஓதிக்கொடுக்கும் ஆலிமாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள். உனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் இருப்பதை அவன் மன்னிப்பான், ஆனால் இதில் இன்னொரு மனுஷியின் உரிமை இருக்கிறது, முதலில் அவளிடம் போ என்றார் ஆலிமா.

காலர்காரியைத் தேடிப் போகும் முன், தொழிற்சாலையில் அதே சாப்பாட்டு இடத்தில் எழுந்து நின்று உண்மையைச் சொன்னாள். பாதிப் பேர் புதியவர்கள், அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பழையவர்கள் தட்டைப் பார்த்தார்கள். விடுங்கக்கா, ஆறிப்போன கதை என்றாள் ஒருத்தி. பிறகு விசாரித்து விசாரித்து நகரத்தின் மறுகோடியில் ஒரு மாடி அறையைக் கண்டுபிடித்தாள்.

காலர்காரி பள்ளிக்கூடப் பை தைத்துக்கொண்டிருந்தாள். கால்கள் வீங்கியிருந்தன. எல்லாம் கேட்டு முடிக்கும்வரை மெஷினை நிறுத்தவில்லை. பிறகு கேட்டாள்.

“அன்னைக்கு என் பொண்ணோட நெத்தியைத் தொட்டுப் பார்த்தீங்களே, ஞாபகம் இருக்கா?”

“இருக்கு.”

“எப்படிக் கொதிக்குதுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

காலர்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“மன்னிச்சேன்னு வாயால சொல்லிடலாம். மனசு வரலையே. அல்லாஹ் பார்த்துட்டு இருக்கும்போது என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?”

செக்கிங் அக்கா இன்னும் நாலு முறை போனாள். இரண்டு முறை கதவு திறக்கவில்லை. ஐந்து மாதம் கழித்து காலர்காரி சிறுநீரகம் கெட்டு இறந்துவிட்டாள் என்று சேதி வந்தபோது, செக்கிங் அக்கா செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினாள். குளிப்பாட்டவாவது விடுவார்கள், அந்தக் காதருகிலாவது கேட்டுவிடலாம் என்று நினைத்தாள்.

மகள் வாசலிலேயே மறித்தாள். அன்று காய்ச்சலில் கிடந்தவளுக்கு இப்போது இருபத்தோரு வயது.

“நீங்க தொடக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டுப் போயிருக்காங்க.”

“வேற ஏதாவது சொன்னாங்களாம்மா?”

“இல்லை.” படியோரம் இருந்த வாளியைக் காலால் நகர்த்தினாள். “மாடியில தண்ணி வரலை. கீழேர்ந்து தூக்கணும், ஆளில்லை. செய்யறதுன்னா செய்ங்க.”

பன்னிரண்டு வாளி தூக்கினாள். திரைக்கு வெளியே வைத்துவிட்டுக் காலி வாளியோடு இறங்கினாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. யாரோ புதியவள், எந்தப் பக்கம் முதலில் என்று தடுமாறிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வலப்பக்கம் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

அதற்குப்பின் அவள் யாரையும் குளிப்பாட்டப் போவதில்லை. தொழுகைக் கூடத்தில் செருப்பு கழற்றும் இடத்தை ஒட்டிக் கடைசி வரிசையில் நிற்கிறாள். அல்லாஹ்வின் ரஹ்மத்தில், அவன் கருணையில், நம்பிக்கை இழப்பதும் பாவம் என்று ஆலிமா கண்டித்தார்.

“அவன் மன்னிப்பான், நம்பறேன்,” என்றாள் இவள். “மறுமையில அவ எதிர்ல வந்து நிப்பாளே. அவகிட்ட என்ன சொல்லட்டும்?”

ஆலிமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் காலர்காரிக்காகவும் அவள் மகளுக்காகவும் துஆ கேட்கிறாள். தனக்காகக் கேட்க வரும்போது வார்த்தை நின்றுவிடுகிறது. நெற்றியைத் தரையில் வைத்து அப்படியே கிடக்கிறாள். மற்றவர்கள் எழுந்து, பாய்களைச் சுருட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் போகிறார்கள்.