மாடு நடக்கும் வரை

என் அண்ணிக்கு வாயும் கத்தி, கையும் கத்தி. எங்கள் கூட்டத்தில் தோல் உரித்துப் பதப்படுத்துவது அவள் வேலை. செத்த மாட்டின் வயிற்றில் ஒரே கோடாகக் கிழித்து, சட்டையைக் கழற்றுவதுபோல் தோலைக் கழற்றிவிடுவாள். முளை அடித்து இழுத்துக் கட்டிய தோலின் ஓரத்தில் மண்டியிட்டு, எலும்புச் சீவுளியால் கொழுப்பைச் சுரண்டிக்கொண்டே வம்பளப்பாள். "என்ன நாத்தனாரே, சும்மா நிக்கிறதுக்கா ரெண்டு கை?" என்பாள். அவளிடம் திட்டு வாங்காதவர்கள் கூட்டத்தில் யாருமில்லை.

நாங்கள் மாட்டை ஓட்டுகிறவர்கள் அல்ல, அதன் பின்னால் போகிறவர்கள். முன்மாடு கிளம்பினால் மந்தை கிளம்பும். மந்தை கிளம்பினால் கூடாரத்தைச் சுருட்டுவோம். பிரசவ வலியானாலும் சரி, பிணம் கிடந்தாலும் சரி. எங்கள் நியாயமும் மாட்டோடுதான் நடக்கும். கொலை செய்தவன் பன்னிரண்டு நாள் மந்தையின் வாலில் வர வேண்டும். செத்தவன் வீட்டார் அவனைத் தடியால் அடிக்கலாம், மாடு நடக்கும் வரைதான். மாடு நின்றுவிட்டால் கை இறங்கிவிட வேண்டும், ஒரு விரல் படக்கூடாது. அடியில் விழுந்தால் தூக்கிவிட ஆளில்லை. மந்தை நடந்தாலும் நின்றாலும் பன்னிரண்டு நாள் முடிந்து உயிரோடிருந்தால், செத்தவன் கூடாரத்தில் அவன் இடத்திலேயே உட்கார்ந்து சாப்பிடலாம்.

என் அண்ணனைக் கொன்றது அண்ணியின் தம்பிக்காரன். வெறும் மாமன் மச்சான் கிண்டல். ஆற்றைக் கடக்கும்போது வழுக்கி விழுந்தவனைப் பார்த்து, "மச்சான், இன்னும் உங்க அக்காதான் உன்னை இடுப்புல தூக்கிட்டுப் போகணும் போல" என்றான் அண்ணன். எல்லாரும் சிரித்தோம். தாயில்லாத அவனை அண்ணி இடுப்பில் சுமந்து வளர்த்தது ஊரறிந்த விஷயம். கரையேறியதும் கத்தியை உருவி அண்ணனின் கழுத்தில் இறக்கினான். அண்ணன் இரண்டடி நடந்து என் கையைப் பிடித்தான். அவ்வளவுதான்.

மறுநாள் மந்தை கிளம்பியது. செத்தவன் வீட்டார் என்றால் நானும் அண்ணியும்தான். ஆளுக்கொரு தடி கொடுத்தார்கள். முதல் அடி பெண்டாட்டியுடையது. அவள் ஓங்கிய கையோடு தம்பியின் முதுகைப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

"அண்ணி, நீங்க அடிக்கலைன்னா உங்க பங்கையும் சேர்த்து நானே அடிப்பேன்."

அடித்தாள். எனக்கு அது போதவில்லை. மூன்றாம் நாள் அவன் காது கிழிந்தது. ஐந்தாம் நாள் கை முறிந்தது, சத்தம் கேட்டது. அடிக்க அடிக்க ஆத்திரம் அடங்கும் என்று நினைத்திருந்தேன். ஏறிக்கொண்டுதான் போனது. மாடு நின்றதும் அண்ணி அவன் முதுகைக் கழுவுவாள், அதே கையால் எனக்குச் சோறு போடுவாள். நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

எட்டாம் நாள் சாப்பிடும்போது சொன்னாள்: "முதுகுல அடி, கால்ல அடி. தலையில மட்டும் வேண்டாம்டி. எனக்கு மிச்சம் அவன் ஒருத்தன்தான்."

"எனக்கு மிச்சம் யாரு?"

"நான் இருக்கேன்ல."

நான் வாயிலிருந்த சோற்றைத் துப்பிவிட்டு எழுந்து போனேன்.

ஒன்பதாம் நாள் காலையில் வேறு தடி எடுத்தேன், கனமானது. அண்ணி அதைப் பார்த்தாள். முதல் அடியிலேயே அவன் மண்டியிட்டான், தட்டுத் தடுமாறி எழுந்தான். அண்ணி தன் தடியை வீசிவிட்டு மந்தையின் ஓரமாக முன்னால் ஓடினாள். பார்க்கச் சகிக்காமல் ஓடுகிறாள் என்று நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தது. அவன் உச்சந்தலையைக் குறிவைத்துத் தடியை ஓங்கினேன்.

முன்னால் ஒரு மாடு அலறியது. மந்தை ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொண்டு நின்றது.

"மாடு நின்னுடுச்சு! கையை இறக்கு!" என்று கத்தினார், தடம் பார்த்து வழி சொல்லும் வழிகாரர்.

முன்மாடு கழுத்து அறுபட்டுக் கிடந்தது. அண்ணிக்கு முழங்கை வரை ரத்தம். கொம்பு குத்தித் தொடை கிழிந்திருந்தது. முன்மாடு செத்தால், இன்னொன்று முன்னால் நடக்கத் துணியும் வரை மந்தை நாலு நாள் நகராது. எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். முன்மாட்டைக் கொன்றவரை அது விழுந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதும் தெரிந்ததுதான்.

"இனிமே உனக்கு மந்தை இல்லம்மா" என்றார் வழிகாரர்.

"தெரியும்ணா. தோல் நல்ல தோல், வீணாப் போகக்கூடாது" என்று உரிக்க உட்கார்ந்தாள்.

நாலு நாளும் அதைச் சுரண்டினாள். பன்னிரண்டும் முடிந்து தம்பிக்காரன் என் அண்ணன் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். மறுநாள் காலை ஒரு இளம் பசு முன்னால் நடந்தது. அண்ணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்ற தம்பியை அவளே அறைந்து அனுப்பினாள்.

நான் வழிகாரரிடம் ஓடினேன். "அவங்களை விட்டுட்டுப் போகாம, அவங்களையும் பன்னிரண்டு நாள் வால்ல நடக்க விடுங்க. நானே அடிக்கிறேன். யாரும் குறை சொல்லாதபடி அடிக்கிறேன்."

"செத்தது மாடும்மா. அதுக்காக அடிக்க எந்த வீட்டார் இருக்காங்க?"

தடியோடு நடுவழியில் நின்றேன். மந்தை என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அண்ணி சீவுளியை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தாள்.

"போடி, மாடு போயிடும்" என்றாள்.

போனேன்.